அம்மாவின் படபடப்பும் ஒரு முழ இசிஜி தாளும்: இதயத் துடிப்புச் சீர் மருத்துவரைப் பற்றி அறிந்தவர்கள் எழுதுங்கள்

அரசலாறு (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 56. ஏறத்தாழ 11 ஆண்டுகளாக அவருக்கு நெஞ்சுப் படபடப்பு வந்துபோகிறது. வாசல் தெளிக்கும்போதோ, சோறு வடிக்கக் குனியும்போதோ, சுவிட்சைத் தட்டியதுபோல் ஒரே நொடியில் தொடங்கிவிடும். கழுத்து நரம்பு தவளைத் தொண்டைபோல் அடித்துக்கொள்வது எதிரில் நிற்பவருக்கே தெரியும். பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்து, வந்ததுபோலவே சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகு இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்கப் போவார். அன்று முழுவதும் சோர்ந்து படுத்திருப்பார்.

ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் படபடப்பு நின்றுவிடும் என்பதால், எடுத்த இசிஜி எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு தனியார் மருத்துவமனையில், மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் மனப்பதற்றம் என்று சொல்லி நான்கு ஆண்டுகள் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் நாங்களும் அதை நம்பினோம் என்பதை மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். "நான் எதற்கும் பயப்படவில்லையே, பால் காய்ச்சிக்கொண்டுதானே இருந்தேன்" என்று அம்மா சொன்னதை யாருமே காதில் வாங்கவில்லை.

சென்ற மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போன இடத்தில், வரிசையில் நின்றபோதே படபடப்பு வந்தது. அங்கிருந்த செவிலியர் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் படுக்கவைத்து உடனே இசிஜி எடுத்துவிட்டார். நிமிடத்துக்கு 186 துடிப்பு. அங்கிருந்து 108 வண்டியில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே கையில் ஓர் ஊசி போட்டதும் சில நொடிகள் உயிரே போய்த் திரும்பியதுபோல் இருந்ததாக அம்மா சொல்கிறார். அதன்பின் துடிப்பு சீரானது. "இது எஸ்விடி, அதாவது இதயத்தின் மேற்பகுதியில் தொடங்கும் வேகத்துடிப்பு. எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் ஒருவரைப் பார்த்து, அப்ளேஷன் செய்யலாமா என்று கேளுங்கள்" என்று இதய மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட், அதாவது துடிப்புச் சீர் மருத்துவர் என்ற சொல்லையே நாங்கள் இப்போதுதான் கேள்விப்படுகிறோம். ஆஞ்சியோ செய்யும் மருத்துவரிலிருந்து இவர் எவ்வகையில் வேறுபட்டவர்? என்ன படித்திருப்பார்? அப்ளேஷன் என்றால் இதயத்துக்குள் சூடு வைப்பது என்றதும் அப்பா கலங்கிப்போயிருக்கிறார். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெண்ணாறு (திருவாரூர் மாவட்டம்)

சகோதரி, நான் பொது மருத்துவன். துடிப்புச் சீர் நிபுணன் அல்லன். ஆனால் உங்கள் அம்மாவைப் போன்றவர்களை அனுப்பிவைக்கும் இடத்தில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

அவருடைய படிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு. அதன்பின் பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்டி மூன்று ஆண்டு, இதயவியலில் டிஎம் மூன்று ஆண்டு. இதுவரை படித்தவர் முழுமையான இதய மருத்துவர். இதற்கு மேலும் ஓராண்டோ இரண்டாண்டோ துடிப்புச் சீர்குலைவுகளுக்கென்றே தனிப்பயிற்சி பெற்றவர்தான் நீங்கள் பார்க்கப்போகிறவர். இடையில் வரும் நுழைவுத் தேர்வுகளையும் கணக்கில் கொண்டால், தனித்து ஒரு நோயாளியின் இதயத்துக்குள் சூடு வைக்கும் பொறுப்பு அவர் கைக்கு வரும்போது முப்பது வயதைத் தாண்டியிருப்பார்.

ஆஞ்சியோ மருத்துவர் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களைப் பார்க்கிறார். இவர் பார்ப்பது இதயத்துக்குள் ஓடும் மின்னோட்டத்தின் வழியை. நம் ஊர்க்காரர்களுக்கு அதை வாய்க்காலை வைத்துச் சொல்வதே எளிது. வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் முனைதான் தலைமடை. 1907இல் கீத், ஃபிளாக் என்ற இருவர் அதைக் கண்டறிந்தார்கள். அங்கே பிறக்கும் மின் அலை மேலறைகளில் பரவி, நடுவில் ஏவி முனை என்ற மதகில் கணநேரம் தேங்குகிறது. ஜப்பானியரான தவாரா 1906இல் விவரித்த முனை இது. பின்னர் ஹிஸ் கற்றையில் இறங்கி, இரண்டு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளை அடைகிறது. மதகில் தேங்கும் அந்தச் சிறுபொழுதில்தான் கீழறைகள் நிரம்புகின்றன.

சிலருக்கு அந்த மதகை ஒட்டி, வேகமாகப் பாய்வது ஒன்றும் மெதுவாகப் பாய்வது ஒன்றுமாக இரண்டு வழிகள் இருக்கும். ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டால், வேக வழி அப்போது மீளாமல் அடைபட்டிருக்கும். அலை மெது வழியில் இறங்கி, அதற்குள் திறந்துவிட்ட வேக வழியில் மேலேறி, மறுபடி மெது வழியில் இறங்கி, அந்தச் சின்ன இடத்திலேயே சுற்றத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒருமுறை துடிக்கும். நிமிடத்துக்கு 186 என்பது அப்படி வந்த எண்ணாக இருக்கலாம்.

நீங்கள் எழுதிய இரண்டு குறிப்புகளை நான் மறுபடி மறுபடி படித்தேன். கழுத்து அடித்துக்கொள்வது, இந்த வகையில் மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால் வருவது; மூடிய வால்வின் மேல் மேலறை மோதுவதால் இரத்தம் கழுத்து நரம்புக்கு எதிர்த்து ஏறுகிறது. பின்னால் சிறுநீர் மிகுதியாகப் போவது, விரிந்த மேலறை சுரக்கும் ஹார்மோனின் வேலை. இந்த இரண்டையும் சொல்லும் ஒரு பெண்மணியின் பேச்சை இடைமறிக்காமல் கேட்டிருந்தால், நான்கு ஆண்டுத் தூக்க மாத்திரைக்கு இடமே இருந்திருக்காது. இந்த நோய் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது; மனப்பதற்றம் என்ற பெயரும் பெண்களுக்கே எளிதில் சூட்டப்படுகிறது. என் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் இது எனக்கு வேதனை தருகிறது.

குடமுருட்டி (திருச்சியில் பணி, ஊர் பாபநாசம்)

அக்கா, நான் கேத் லேபில், அதாவது இதயத்துக்குள் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறையில், டெக்னீஷியனாக இருக்கிறேன். உள்ளே என்ன நடக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவன் என்பதால் எழுதுகிறேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நெஞ்சைத் திறப்பதில்லை. பெரும்பாலும் வலது தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள சிரைவழியாக மூன்று நான்கு மெல்லிய கம்பிகளை இதயம்வரை செலுத்துவார்கள். கம்பியின் நுனியில் இருக்கும் மின்முனைகள் மேலறை, ஹிஸ் கற்றை, கீழறை என ஒவ்வோர் இடத்தின் மின்குறியையும் திரையில் தனித்தனிக் கோடாகக் காட்டும். வெளியே எடுக்கும் இசிஜியில் ஒரே கோடாகத் தெரிவது இங்கே எந்த இடம் முன், எந்த இடம் பின் என்று மில்லிவினாடிக் கணக்கில் பிரிந்து தெரியும்.

அதன்பின் மருத்துவர் மேலறையைச் சிறு மின்துடிப்புகளால் தட்டிப் பார்ப்பார். எட்டுத் துடிப்பு ஒரே சீராகக் கொடுத்து, ஒன்பதாவதை மட்டும் சற்று முந்திக் கொடுப்பார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒன்பதாவதை 10 மில்லிவினாடி முன்னே நகர்த்திக்கொண்டே வருவார். ஏதோ ஓரிடத்தில், மேலறைக்கும் ஹிஸ் கற்றைக்கும் இடையே அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுவந்த இடைவெளி திடீரென்று 50 மில்லிவினாடியோ அதற்கு மேலோ தாவும். வேக வழி அடைபட்டு மெது வழிக்கு ஓட்டம் மாறிவிட்டது என்பதற்கு அதுதான் சான்று. பல நேரங்களில் அடுத்த கணமே படபடப்பு தொடங்கிவிடும். மயக்க மருந்து கொடுக்காததால், மேசையில் படுத்திருப்பவர் "இதுதான் ஐயா, இதேதான்" என்பார். பல ஆண்டுகள் யாரும் நம்பாத ஒன்றைத் திரையில் பார்த்துக் கண்ணீர்விட்ட நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சூடு வைப்பது மெது வழியில் மட்டும். ரேடியோ அலைவரிசை மின்னாற்றலால் நுனியை ஒட்டிய சில மில்லிமீட்டர் திசு சூடேறிச் செயலற்றுப் போகும். இதில் அச்சத்துக்குரியது ஒன்றே ஒன்று: அந்த இடத்துக்கு மிக அருகில்தான் முதன்மை மதகான ஏவி முனை இருக்கிறது. சூடு சரியான இடத்தில் விழும்போது, அந்தப் பகுதியே சில தனித்துடிப்புகளை உதிர்க்கும். அது நல்ல அறிகுறி. ஆனால் அந்த ஒவ்வொரு துடிப்பும் மேலறைக்குத் திரும்பி ஏறுகிறதா என்று மருத்துவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று ஏறாமல் போனாலும் "நிறுத்து" என்று குரல் வரும். அந்த நொடியே நாங்கள் ஆற்றலைத் துண்டிக்க வேண்டும். என் அனுபவத்தில், நல்ல துடிப்புச் சீர் மருத்துவர் யார் என்பது அந்தச் சொல் எவ்வளவு விரைவாக வருகிறது என்பதில் தெரிந்துவிடும். முடிந்த பின்னும் கம்பிகளை உடனே எடுக்காமல், இதயத்தை வேகப்படுத்தும் மருந்து கொடுத்து, மறுபடி தட்டிப் பார்த்து, அரைமணி நேரம்வரை காத்திருந்து உறுதிசெய்வார்கள்.

அரசலாறு

தம்பி, அப்பாவுக்கு இருமுறை படித்துக் காட்டினேன். நெஞ்சைத் திறப்பதில்லை என்ற வரியில்தான் அவருக்கு மூச்சு வந்தது. ஐயா, இன்னும் இரண்டு ஐயங்கள். இதைச் செய்தே ஆக வேண்டுமா? செய்தால் எவ்வளவு ஆபத்து?

வெண்ணாறு

செய்தே ஆக வேண்டும் என்பதில்லை, சகோதரி. அம்மாவின் இதயம் மற்றபடி நன்றாக இருந்து, எக்கோ என்ற இதய ஸ்கேனும் சரியாக இருந்தால், இந்த வகைப் படபடப்பு உயிருக்கு உலைவைப்பது மிக அரிது. மூன்று வழிகள் உள்ளன: வரும்போது நிறுத்தக் கற்றுக்கொண்டு காலம் தள்ளலாம், அன்றாடம் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது பலருக்கு முழுதாகக் கட்டுப்படுத்துவதில்லை, அப்ளேஷன் செய்துகொள்ளலாம். இந்த வகைக்கு அப்ளேஷன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பலனளிக்கிறது. முதன்மை மதகு சேதமுற்று, துடிப்பூட்டும் கருவியான பேஸ்மேக்கரை நிரந்தரமாக வைக்க நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. குறைவு என்றாலும் இல்லாதது அன்று. அதை அம்மாவிடமே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் நிறுத்தும் முறைக்கு நல்ல ஆய்வுச்சான்று உண்டு. சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி ஊசிக்குழலின் வாயில் உதட்டை வைத்து, உள்தண்டு சற்றே அசையும் அளவுக்கு 15 வினாடி ஊத வேண்டும். ஊதி முடித்த கணமே மல்லாந்து படுக்கவைத்து, இன்னொருவர் இரு கால்களையும் 45 பாகைக்கு உயர்த்தி 15 வினாடி பிடிக்க வேண்டும். 2015இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வில், உட்கார்ந்தபடியே ஊதியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கும், இப்படிக் கால் உயர்த்தியவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கும் படபடப்பு நின்றது. அம்மாவின் மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சரியென்று சொன்ன பிறகு வீட்டில் செய்யுங்கள். கண்ணை அழுத்துவது, கழுத்தைப் பிசைவது போன்றவற்றை நீங்களாகச் செய்யவே கூடாது. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் ஊதிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.

வழி மாறிப் பாயும் ஓட்டத்தைத் துண்டிக்க ஒருகாலத்தில் நெஞ்சைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது. கூடுதல் வழியோடு பிறந்த ஒருவருக்கு அதை அறுத்து முதன்முதலில் வெற்றிகண்டது 1968இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில். அந்த நோயாளி ஒரு மீனவர். நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீனவச் சகோதரர்களுக்கு இதை விளக்கும்போது அவரை நான் மறக்காமல் சொல்வேன்.

பாமணியாறு (மன்னார்குடி)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லாப் படபடப்பும் சூடு வைத்துத் தீர்ப்பதல்ல என்பதை இங்கே யாரேனும் சொல்ல வேண்டும்.

என் மாமனாருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு. வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் எக்கோ அறிக்கையைச் சரியாகப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அப்ளேஷனுக்கு நாள் குறித்தார்கள், முன்பணமும் கட்டிவிட்டோம். மனம் கேளாமல் இன்னொரு துடிப்புச் சீர் மருத்துவரிடம் போனோம். அவர் இசிஜியைப் பார்க்கும் முன்பே, சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டார். வந்திருக்கிறது. அந்த வாதக் காய்ச்சலால் இடதுபக்க வால்வு சுருங்கியிருந்தது. "மூலத்தை விட்டுவிட்டு மேலறையைச் சுட்டு என்ன பயன்? முதலில் வால்வைப் பலூனால் விரிக்க முடியுமா என்று பார்ப்போம், இரத்தம் உறையாமல் காப்போம்" என்றார். தம் கைக்கு வரும் சிகிச்சையையே வேண்டாம் என்று அவர் சொன்னதுதான் எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கையை உண்டாக்கியது.

அன்றுமுதல் இரத்தம் உறையாமல் காக்கும் அசிட்ரோம் மாத்திரையும், இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை மாதந்தோறும் நடக்கின்றன. அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். மாமியார் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, அளவு, மாத்திரை எண்ணிக்கை ஆகியவற்றைக் கோடுபோட்டு எழுதிவருகிறார். முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தச் சொல்வார்கள் என்று பயந்தோம். வாரத்தில் எத்தனை முறை சாப்பிடுகிறாரோ அதே அளவை மாற்றாமல் சாப்பிடட்டும், மாத்திரையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்றார் அந்த மருத்துவர். பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டோம். வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்குப் பழைய வகை மாத்திரையே மேல் என்று, இந்திய நோயாளிகளும் பங்கேற்ற 2022ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டி விளக்கினார்.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி)

மகளே, நான் பேஸ்மேக்கர் வைத்து ஆறு ஆண்டுகள் ஆன விவசாயி. உன் அம்மாவுக்கு வேகம். எனக்குத் தலைகீழாக மந்தம். வரப்பில் நடந்துகொண்டிருந்தவன் கண்ணிருண்டு நாற்றங்காலில் விழுந்தேன். மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு அறவே அற்று, நிமிடத்துக்கு 32 துடிப்புதான் இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

அந்த மருத்துவரின் அக்கறையை நான் அறிந்துகொண்டது அறுவைக்குப் பின்னர்தான். வீட்டுக்கு அனுப்பும் முன், என்ன தொழில், எந்தெந்தப் பொருளைத் தொடுவாய் என்று உட்கார்ந்து கேட்டார். பம்புசெட் மோட்டாரை வழக்கம்போல் இயக்கலாம், எர்த் சரியாக இருக்க வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது விலகி நில். கைப்பேசியை இடதுபக்கச் சட்டைப்பையில் வைக்காதே, அரையடியாவது தள்ளி வை. சில வாரங்கள் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்காதே, மண்வெட்டி பிடிக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆண்டுதோறும் நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்துப் பேட்டரி எவ்வளவு மிச்சம், இதயம் தானாக எத்தனை முறை துடித்தது என்பதையெல்லாம் படித்துப் பார்க்கிறார்கள்.

உலகில் முதன்முதலில் உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958இல் வைத்த அந்த முதல் கருவி சில மணி நேரமே வேலைசெய்தது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001இல் தம் 86ஆவது வயதில்தான் காலமானார். இதையும் எனக்குச் சொன்னவர் அந்த மருத்துவரே.

ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன். எரியூட்டும்போது பேட்டரி வெடிக்கும் என்பதால், நான் போன பிறகு கருவியை எடுத்துவிட்டே சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். என் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, அடையாள அட்டையோடு எழுதியும் வைத்திருக்கிறேன்.

குடமுருட்டி

அக்கா, மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் மிக முக்கியமான ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த அந்த இசிஜி தாள் இப்போது எங்கே இருக்கிறது? அது வெப்பத்தால் பதியும் தாள். நம் ஊர் வெயிலில், பிளாஸ்டிக் உறையில், சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துப்போகும். அப்படிக் கறுத்த தாளோடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றே இரண்டு நகல் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் நேர்மேலிருந்து படமும் எடுத்து வையுங்கள். தஞ்சாவூரில் ஊசி போட்டபோது ஓடிய நீண்ட தாள் கிடைத்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். படபடப்பு எப்படி நின்றது என்பதில்தான் அது எந்த வகை என்பதற்கான தடயம் பெரும்பாலும் இருக்கும்.

அரசலாறு

அனைவருக்கும் நன்றி. தாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் மருந்துச்சீட்டுகளோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அன்றே நகல் எடுத்தோம். தஞ்சாவூர் செவிலியர் ஒருவர் தேடிப்பார்த்து நீண்ட தாளையும் கொடுத்தார்.

நேற்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். முதல் கால்மணி நேரம் அவர் எங்களைப் பேசவிடவில்லை. அம்மாவை மட்டுமே பேசச் சொன்னார். அம்மா கழுத்தில் கைவைத்துக் காட்டியதும் "தவளைபோலவா?" என்று அவரே கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. பிறகு படபடப்பின்போது எடுத்த தாளையும், சீரான பின் எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நெஞ்சின் முதல் மின்முனைக் கோட்டில் ஒவ்வொரு துடிப்பின் வாலிலும் ஒரு சிறு மேடு இருப்பதைப் பேனா நுனியால் தொட்டுக் காட்டினார். சீரான தாளில் அந்த மேடு இல்லை. மேலறையும் கீழறையும் ஒன்றாகத் துடித்ததற்கான அடையாளம் அது என்றார். வெண்ணாறு ஐயா ஊகித்த அதே வகைதான். உள்ளே போய்ப் பார்த்தால் உறுதியாகும் என்றார்.

மூன்று வழிகளையும், நூற்றில் ஒன்றுக்குக் குறைவான அந்த ஆபத்தையும், நாங்கள் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். இப்போதே முடிவுசெய்ய வேண்டியதில்லை என்றும் சொன்னார். ஆனால் அம்மா அங்கேயே முடிவுசெய்துவிட்டார். சம்பா அறுவடை முடியட்டும், களத்து வேலை இருக்கிறது, தை கடைசியில் வருகிறேன் என்றார். மருத்துவர் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்து ஒரு தேதியை எழுதினார். எந்த மாத்திரையை அதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை அதன் கீழே தமிழில் எழுதி, அம்மாவின் கையிலேயே கொடுத்தார். ஊருக்கு வரும் வழியில் மருந்துக் கடையில் ஓர் ஊசிக்குழல் வாங்கினோம். கால்களை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று அப்பா இப்போது கூடத்தில் பழகிக்கொண்டிருக்கிறார்.